புதிர் வகை ஜியோகேஷ் ஒன்றை வடிவமைப்பது எப்படி? நீங்கள் வடிவமைத்தது ஏதேனும் உண்டா?

ஜிபிஎஸ் எண்களைப் பின்பற்றிச் சென்று, யாரோ ஒளித்துவைத்த பெட்டியை (அதுதான் ஜியோகேஷ்) கண்டெடுத்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரும் இந்த விளையாட்டு, 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கியது. புதிர் வகையில், வரைபடத்தில் காட்டப்படும் புள்ளி பொய்யானது. உண்மையான இடம் அதிலிருந்து சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அதைப் புதிரை விடுவித்தே அறிய முடியும்.

விடுவித்தவருக்குத் தம் விடை சரிதான் என்பது, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஐயமறத் தெரிந்துவிட வேண்டும். நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையில் நான் வைத்த முதல் பெட்டியில் இதைக் கோட்டைவிட்டேன். அப்பெட்டியை எடுத்துவிட்டதால் விடையைச் சொல்லிவிடலாம்.

புதிர் ஒரு பாகப்பிரிவினை. ‘ஒரு வேலி ஏழு மா நிலத்தில் மூத்தவனுக்கு அரை வேலி, கோயிலுக்கு மூன்று மா நாற்பது குழி, மீதி இளையவர் இருவருக்கும் சரிபாதி, கடைக்குட்டிக்கு எத்தனை குழி?’ வேலிக்கு 20 மா, மாவுக்கு 100 குழி. எனவே 2,700 குழியில் 1,000, 340 இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் 680. வடக்கு எண்ணில் (அட்சரேகையில்) நிமிடத்தின் தசமப் புள்ளிக்குப் பின்வரும் மூன்று இலக்கங்கள் அவைதாம். கிழக்கு எண்ணுக்கு இன்னொரு பத்திரம். ஓர் இளைஞர் இணையத்தைத் தொடாமல் தம் அப்பாயியிடம் கேட்டே விடுவித்தாராம். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவருக்கோ ஏக்கர்தான் பழக்கம். மூன்று மா ஓர் ஏக்கர் என்பது எங்கள் ஊர்ப் பேச்சுக் கணக்கு. அவர் அதன்படி ஏக்கராக்கி, பிறகு ஏக்கருக்கு 43,560 சதுர அடி, குழிக்கு 144 சதுர அடி என்று திருப்பி வகுத்து, 686 என்ற விடையோடு வந்துவிட்டார். நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வடக்குத் தெற்காக ஏறக்குறைய 1.85 மீட்டர் ஆகையால், பிழை 11 மீட்டர்தான். ஆனால் அந்தப் பதினோரு மீட்டருக்குள் வாய்க்கால் ஓடியது. அக்கரைப் பூவரச மரங்களை ஒரு மணி நேரம் துழாவிவிட்டு, பெட்டி காணாமல் போயிற்று என்று பதிவிட்டுவிட்டார். குற்றம் அவருடையதன்று. ‘குழியின் இலக்கங்களைக் கூட்டினால் பதினான்கு’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். 680க்கு 14, 686க்கு 20. அதன்பின் யாரும் அக்கரைக்குப் போகவில்லை.

சங்கீதத்துக்குப் பேர்போன ஊருக்குப் பொருத்தமானது என்று, மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்களின் வரிசை எண்களை வைத்தும் ஒன்று முயன்றேன். எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில், தீரசங்கராபரண ராகப் பெயரின் முதல் இரண்டெழுத்துகள் 9, 2. திருப்பிப் போட்டால் 29, அதுவே அந்த ராகத்தின் எண். ஆனால் தமிழில் எழுதும்போது ‘த’ என்ற ஓரெழுத்தே 6, 7, 8, 9 நான்குக்கும் நிற்பதால், சங்கீதம் தெரியாதவர் ஊகிப்பதைத் தவிர வழியில்லை. ஊகத்தை நம்பும் புதிர் எவ்வளவு அழகாயிருந்தாலும் எனக்கு உவப்பில்லை, கைவிட்டேன்.

இடத்தைப் பொறுத்தவரை, மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. மற்றொரு பெட்டிக்கு 161 மீட்டருக்குள் வைக்கக் கூடாது. மதகையும் கோயில் மதிலையும் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் எதுவரை ஏறும் என்பதைக் கரையில் ஆடு மேய்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் அவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.