ஜுராசிக் என்பது வயது, பெயர் அல்ல

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸயன் தேசியப் பூங்காவில் என் மகன் எடுத்த பாறைப் படங்களைத் தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைக்கப் போகிறோம். 'ஜுராசிக் பாறை' என்று எழுதினால் போதுமா? விவரம் என்ன போடலாம்? – வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: போதாது. ஜுராசிக் என்பது அந்தக் கல் உருவான காலம். அந்தப் பெரிய செங்குத்துச் சுவர்களுக்கு நவாஹோ மணற்கல் என்று பெயர். அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் நிலப்பகுதியை வைத்து, 1910-களில் நிலவியலாளர் ஹெர்பர்ட் கிரெகரி சூட்டியது.

பாறை அடுக்குக்குப் பெயர் வைக்கும் முறை எளிது. முதலில் ஊர், ஆறு, மலை என ஓர் இடப்பெயர். அப்புறம் கல்லின் வகை. பல வகைக் கற்கள் கலந்திருந்தால் 'ஃபார்மேஷன்'. ஊர்ப்பெயர் மாறினாலும் பாறையின் பெயரை மாற்றுவதில்லை. கோலாலம்பூரில் கென்னி ஹில் இன்று புக்கிட் துங்கு ஆகிவிட்டது. அதன் அடியில் கிடக்கும் பாறை மட்டும் இன்னும் கென்னி ஹில் ஃபார்மேஷன்தான்!

விவரத்துக்கு வருவோம். நிறத்தில் தொடங்காதீர்கள். ஒரே நவாஹோ மணற்கல் கீழே சிவப்பாகவும் மேலே வெளுப்பாகவும் இருக்கும். மணல் மணியைச் சுற்றிய இரும்புத் துருதான் சிவப்பு. அது கரைந்துபோன இடம் வெளுத்திருக்கும். என்னைக் கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது சாய்கோடுகளைத்தான். படத்தை உற்றுப் பாருங்கள்: ஒரு கட்டுச் சாய்கோடுகளின் தலையை வெட்டிக்கொண்டு அடுத்த கட்டு கிடக்கும். காற்று மணலைக் குன்றின் மேல் ஏற்றி மறுபக்கம் சரித்துவிட, அந்தச் சரிவுகளே இப்படிக் கல்லாகின. அதாவது, அங்கே அன்று இருந்தது பாலைவனம். பிறகு மணியின் அளவு, தடிமன், மேலும் கீழும் உள்ள அடுக்குகள். அடியில் இருப்பது கயென்டா ஃபார்மேஷன். மணற்கல் வழியே இறங்கும் மழைநீர் அதைத் தாண்ட முடியாமல் பாறைச்சுவரில் கசிகிறது.

பத்துமலையை ஒப்பிட்டு எழுதிவிடாதீர்கள், அது சுண்ணாம்புக்கல். நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் பகாங்கின் தெம்பெலிங் பாறைத் தொகுதி: ஜுராசிக், அதற்கடுத்த கிரெட்டேசியஸ் காலத்தது, மணற்கல்லும் அதில் உண்டு.

அட்டையில் இப்படி எழுதலாம்: "நவாஹோ மணற்கல். முற்கால ஜுராசிக். காற்று குவித்த குவார்ட்ஸ் மணல், பெரிய சாய்அடுக்குகள். ஸயனில் தடிமன் 600 மீட்டருக்கு மேல்." அளவு புரிய, ஆள் நிற்கும் படமாகப் பார்த்து ஒட்டுங்கள்.