வாசகர் கேள்வி – பதில்: தீபாவளிக்குப் போனவர்கள் ஏன் திரும்புவதில்லை?

கேள்வி: அவினாசி அருகே நாற்பது தையல் இயந்திரங்களுடன் பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஆண்டுதோறும் தீபாவளிக்கு போனஸ் கொடுத்து அனுப்பியும், விடுமுறை முடிந்து பாதிப் பேர்கூடத் திரும்புவதில்லை. அட்வான்ஸைக் கூட்டிக் கொடுத்தால் தங்குவார்களா?

பதில்: தங்கமாட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடித்து வைத்தால், பக்கத்துக் கம்பெனிக்காரர் அந்தக் கடனை அடைத்து அவரை அழைத்துக்கொள்வார். கடன் தீரும்வரை வெளியே போகக் கூடாது என்று நீங்கள் தடுத்தாலோ, அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடும். போனஸையும் தங்க வைக்கும் கருவியாக எண்ண வேண்டாம். ஊதியத்தில் 8.33 விழுக்காட்டுக்குக் குறையாத அந்தத் தொகை சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டியது. அதை வாங்கிக்கொண்டவர் உங்களுக்குக் கடன்பட்டவர் அல்லர். வேறிடம் போக முன்பே முடிவு செய்துவிட்டவர், போனஸ் கைக்கு வரட்டும் என்றுதான் அதுவரை காத்திருக்கிறார்.

அந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் அறிந்தவரை, பீஸ் ரேட்டுக்கு, அதாவது துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பவருக்கு மனம் விட்டுப்போவது பெரும்பாலும் வாரக் கூலியைக் கணக்குப் பார்க்கும் சனிக்கிழமையில்தான். ஒரு டிசைன் முடிந்து அடுத்தது தொடங்கும்போது முதல் இரண்டு நாள்கள் கை ஓடாது. வழக்கமாகத் தைப்பதில் பாதிகூட வராது. சில நாள்களில் கட்டிங் பிரிவிலிருந்து பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வராமல் ஓவர்லாக் இயந்திரத்தில் தைக்கும் டைலர் முற்பகல் முழுதும் சும்மா உட்கார்ந்திருப்பார். இவை இரண்டும் அவர் தவறல்ல; ஆனால் இழப்பு மட்டும் அவருடையதாகிறது. இதற்கு மேல், புதிய டிசைனின் ரேட்டை வேலை பாதி முடிந்த பிறகு சொல்லும் பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. வேலையை விட்டு வெளியே வந்தால், அடுத்த தெருவிலேயே நான்கு கதவுகளில் ‘சிங்கர், ஓவர்லாக், ஃப்ளாட்லாக் டைலர்கள் தேவை’ என்ற அட்டை தொங்கும் ஊரில், அவர் ஏன் பொறுத்திருக்க வேண்டும்?

ஆகவே, முதல் துண்டு தைக்கப்படுவதற்கு முன்பே ரேட்டைச் சுவரில் எழுதிப் போடுங்கள். டிசைன் மாறும் நாள்களுக்கும் பண்டில் வராத நேரத்துக்கும் ஷிப்ட் சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள். ஓடிப்போகாமல் இருக்க ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், இந்த மாதமே கைவிடுங்கள். அந்தப் பிடித்தம் புதிதாக வந்தவருக்குச் சொல்வது, இவர்கள் நம்மை நம்பவில்லை என்ற ஒன்றைத்தான்.

பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் உங்களிடம் இருப்பார்கள் என்று கொள்கிறேன். அவர்களுக்கு தீபாவளியைவிட, அதை அடுத்த வாரத்தில் வரும் சட் பூஜை என்னும் சூரிய வழிபாட்டுத் திருவிழா பெரிது. ஊர் போய்ச் சேரவே இரண்டு நாள்களுக்கு மேல் ரயிலில் ஆகும் ஒருவருக்கு ஐந்து நாள் விடுமுறை கொடுத்தால், அவரை நீங்களே வேலையை விட்டு அனுப்புகிறீர்கள் என்றுதான் பொருள். திரும்பும் தேதியை அவரையே சொல்லச் செய்து, வந்து போகும் பயணச்சீட்டுகள் இரண்டையும் முன்கூட்டியே பதிவு செய்துகொடுங்கள். ஓர் ஆளைப் புதிதாகத் தேடிப் பழக்கும் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சீட்டின் விலை சிறியது. 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, திருப்பூரிலிருந்தும் பலர் அஞ்சி ஊர் திரும்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வாரத்தில், இரவு எந்த நேரத்திலும் அழைத்துக் கேட்கக்கூடிய, அவர்கள் மொழி அறிந்த ஓர் ஆள் கம்பெனியில் இருப்பது போனஸை விடப் பெரிய பிடிமானம்.

கேள்வி: ஒரே பனியன் கம்பெனியில் நான்கரை ஆண்டுகளாகச் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். இன்னொரு கம்பெனியில் ஷிப்டுக்கு முப்பது ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள். மாறலாமா? – பல்லடம் வாசகி

பதில்: ஆறு மாதம் பொறுத்து மாறுங்கள் என்பேன். ஐந்தாண்டுத் தொடர் பணி நிறைந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமையாகிறது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்குரிய தொகை கிடைக்கும். சம்பளம் 15,600 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 9,000, ஐந்தாண்டுக்கு 45,000 ரூபாய். மாதம் 26 ஷிப்ட் என்று வைத்தாலும், நீங்கள் சொல்லும் முப்பது ரூபாய் ஆறு மாதத்தில் 4,680 ரூபாய்தான். இடையில் சில நாள் ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடியிருந்தது என்று காரணம் காட்டித் தொடர்ச்சி இல்லை என்பார்கள். உங்கள் தவறால் நேராத இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது. பி.எஃப். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், யு.ஏ.என். என்ற ஒரே பி.எஃப். அடையாள எண்ணில் அது உங்களோடு வரும். புதிய இடத்தில் வேறு எண் வாங்கித் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். சேர்ந்த தேதியைக் காட்டும் இ.எஸ்.ஐ. பதிவையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் இப்போதே நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.