பைக் ரேஸ் பழகுகிறவர்களுக்குச் சின்னக் கெமரா உண்மையில் உதவுமா? எங்கே பொருத்துவது?

உதவும். ஆனால் பேஸ்புக்கில் போடும் வீடியோவுக்கு ஓர் இடம், ஓட்டத்தைத் திருத்த உதவும் வீடியோவுக்கு வேறோர் இடம். இது தெரியாமல் ஒரு சீசனையே வீணாக்கியவன் நான்.

எனக்கு நானுஓயாப் பக்கம். ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி, அதாவது மலை ரோட்டில் வண்டியை வேகமாக ஓட்டி ஏறும் போட்டி, 1934இல் தொடங்கியது. ரதல்லயிலும் ஒன்று உண்டு. மலையேற்றத்தில் ஒவ்வொருவராகத்தான் புறப்படுவோம், போட்டியே நேரத்தோடுதான். முன்னால் போகிறவனைப் பார்த்துப் படிக்க வழியில்லை. மேலே போய் ஹெல்மட்டைக் கழற்றும்போது எந்த வளைவில் என்ன செய்தோம் என்பதே பாதி மறந்திருக்கும். கெமரா கைகொடுப்பது இங்கேதான்.

எல்லோரையும் போல நானும் முதலில் ஹெல்மட் உச்சியில்தான் ஒட்டினேன். வண்டிகளைப் பரிசோதித்த அண்ணன் ஒருவர், "என்ன தம்பி, கொம்போட போகப் போறீங்களா? கழட்டுங்க" என்றார். அப்போது கோபம் வந்தது. அவர் சொன்னது சரி. விழுந்தால் ஹெல்மட் தரையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். துருத்திக்கொண்டிருப்பது எதிலாவது மாட்டினால் கழுத்துதான் திரும்பும். சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனமான எஃப்.ஐ.எம். கூட ஹெல்மட்டில் கெமரா பொருத்த விடுவதில்லை. வண்டியில் பொருத்துவதாக இருந்தாலும் பரிசோதகரிடம் முதலே காட்டிவிடுங்கள்.

இப்போது நான் வைப்பது டேங்கின் இடப்பக்கம், வலது கையும் முன்னால் ரோடும் சேர்ந்து தெரியும்படி. என்னுடையது ஒற்றை சிலிண்டர் வண்டி, அதிர்வு அதிகம். முதல் வீடியோவில் ரோடு ஜெலி மாதிரி ஆடியது. கெமராவின் சென்சர் படத்தை ஒரே நேரத்தில் எடுக்காமல் வரி வரியாக வாசிப்பதால் வரும் கோளாறு அது. நீளமான கை போன்ற பிடியை எறிந்துவிட்டுக் குட்டையான பிடி போட்டு, அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று வைத்தேன். முக்கால்வாசி சரியானது. ஆட்டம் குறைக்கும் வசதியையும் அணைத்துவிடுவேன். அது ஓரங்களை வெட்டிவிடுகிறது, எனக்கோ ஓரத்தில் இருக்கும் கைதான் முக்கியம்.

அந்தக் கையைப் பார்த்துத்தான் என் பிழையைப் பிடித்தேன். விநாடிக்கு 60 படம் எடுக்கும்படி வைத்து, லெப்டொப்பில் ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். ஒரு வலது வளைவுக்கு முன்னால் த்ரொட்டில் கை மூடுகிறது. பிரேக் விரல் அசையவில்லை. எண்ணினேன்: 36 படம். 0.6 விநாடி நான் முடுக்கவுமில்லை, பிரேக் பிடிக்கவுமில்லை. 70 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 12 மீட்டர். என் மனதில் நான் கடைசிவரை முடுக்கிக்கொண்டு போகிற வீரன்! சத்தத்தைக் கூட்டிக் கேட்டால் இன்னும் வெட்கம், அந்த இடத்தில் எஞ்சின் பெருமூச்சு விடுகிறது. தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா, "இதையே எத்தன தடவ பாக்குற, கரண்ட் பில்ல நீ கட்டுவியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்றில் மட்டும் வீடியோவை நம்பாதீர்கள். அகன்ற லென்ஸில் ஏற்றம் தட்டையாகிவிடும், வளைவு தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். எங்கள் மலையே கொழும்பு ரோடு மாதிரித்தான் இருக்கும். ஆகவே பிரேக் பிடிக்கும் இடத்தை வீடியோவில் தேடாமல், நடந்து போய் ஒரு மரத்தையோ மதகையோ குறித்துவையுங்கள்.

அடுத்தது பனி. நான் காலையில் அடுப்படியில் நின்று கெமராவைக் கவர்ப் பெட்டிக்குள் பூட்டினேன், பக்கத்தில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஈரக் காற்றும் உள்ளே போய்விட்டது. வெளியே குளிரில் பத்து நிமிடம், லென்ஸுக்கு முன்னால் வெள்ளைத் திரை. இப்போதெல்லாம் முற்றத்துக் குளிர்காற்றில் வைத்துத்தான் மூடுகிறேன், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டு. குளிரில் பெட்டரியும் சீக்கிரம் இறங்கும். புறப்படும்வரை சட்டைப் பைக்குள் வைத்திருங்கள்.

ஒட்டும் பட்டையை முதல் நாளே, டேங்கைக் கழுவிக் காயவைத்து ஒட்டுங்கள். 24 மணிநேரம் விட்டால்தான் பிடிக்கும். ஈர டேங்கில் ஒட்டியது என்னிடம் நிற்கவேயில்லை. எப்படி ஒட்டினாலும் ஒரு காப்புக் கம்பி கட்டாயம். ரோட்டில் விழுந்த கெமரா பின்னால் வருகிறவனின் முன்சில்லுக்குக் கீழேதான் போகும். நான் பழைய பிரேக் கேபிளை ஹேண்டிலில் சுற்றிக் கட்டுகிறேன். ஒரு முறை பிடி உடைந்து, கெமரா அந்தக் கேபிளில் தொங்கியபடியே மேலே வந்து சேர்ந்தது. அந்த வீடியோ முழுக்க என் முழங்கால்தான்.