வாசகர் கேள்வி-பதில்: ராஜாஜியின் நட்சத்திரக் கட்சி

கே: வலதுசாரி என்றாலே மதம் என்று ஆகிவிட்டது. மதம் கலக்காமல் தொழிலுக்கும் தனிமனித உரிமைக்கும் பேசிய கட்சி நம் நாட்டில் இருந்ததே இல்லையா? (சேலம் வாசகர்)

ப: இருந்தது. ஆரம்பித்தவரே உங்கள் ஊர் நகராட்சித் தலைவராக இருந்தவர்தான். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு, விவசாயிகள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுப் பண்ணை நடத்தவேண்டும் என்று தீர்மானம் போட, எண்பது வயது ராஜாஜி கொதித்துப்போய், என்.ஜி. ரங்கா, மினு மசானி, கே.எம். முன்ஷி ஆகியோரோடு அந்த ஆண்டே சுதந்திரா கட்சியைத் தொடங்கிவிட்டார். சின்னம் நட்சத்திரம். ஆலை தொடங்க, அதைப் பெரிதாக்க, வெளிநாட்டிலிருந்து ஒரு இயந்திரம் வரவழைக்க, எல்லாவற்றுக்கும் டெல்லியில் போய்க் கைகட்டி நிற்கவேண்டியிருந்த அந்தக் காலத்துக்கு 'லைசென்ஸ் பர்மிட் கோட்டா ராஜ்ஜியம்' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

கே: அவ்வளவு நல்ல கட்சி ஏன் காணாமல் போனது? (மதுரை வாசகி)

ப: நல்ல கட்சி என்று நான் எங்கே சொன்னேன்? சரி, விஷயத்துக்கு வருவோம். மக்களவையில் 1962இல் 18 இடம், 1967இல் 44, அதாவது அப்போது எதிர்க்கட்சிகளில் அதுதான் பெரியது, 1971இல் வெறும் 8. என் கணக்கில் கொள்கை தோற்கவில்லை, கூட இருந்தவர்கள் கவிழ்த்தார்கள். சிறு விவசாயியின் நிலத்தைக் காப்பாற்றப் பிறந்த கட்சிக்கு ராஜஸ்தானில் முகம் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, ஒடிசாவில் முதல்வரானவர் அங்கேயே இருந்த பழைய பாட்னா சமஸ்தானத்து (பீகார் பாட்னா அல்ல) ராஜா! மன்னர் மானியத்தை இந்திரா நிறுத்தப் போனபோது அதையும் எதிர்த்தார்கள். அவர் 'வறுமையே வெளியேறு' என்று ஊர் ஊராகப் போகிறார், இவர்கள் ராஜாக்களின் மானியத்துக்கு வாதாடுகிறார்கள், அப்புறம் ஓட்டு எப்படி விழும்?

கே: 1967இல் ராஜாஜி தி.மு.க.வோடு சேர்ந்தாரே, கொள்கை என்ன ஆச்சு? (தஞ்சாவூர் வாசகர்)

ப: காங்கிரஸை இறக்கவேண்டும், இந்தித் திணிப்பு கூடாது, இந்த இரண்டில் மட்டும் ஒத்துப்போனார்கள். (1938இல் பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் இதே ராஜாஜிதானே என்று கேட்காதீர்கள்.) சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 20 இடம் கிடைத்தது, ஆனால் தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மையே வந்துவிட்டதால் அந்த இருபதுக்கு வேலை இல்லாமல் போனது. 1971இல் அதே தி.மு.க.வை வீழ்த்த காமராஜரோடு கைகோத்தார், அதுவும் பலிக்கவில்லை.

கே: இப்போது அப்படி ஒரு கட்சி தொடங்க முடியுமா? (கோவை வாசகர்)

ப: ராஜாஜி 1972இல் மறைந்தார், 1974இல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தோடு கலந்துவிட்டது. லைசென்ஸ் ராஜ்ஜியத்தைப் பெருமளவு 1991இல் அவிழ்த்ததும் காங்கிரஸ் அரசேதான். புதிதாகத் தொடங்க ஆசையிருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி, கட்சி விதியிலேயே 'சோசலிசத்தில் உண்மையான பற்றுக் கொண்டிருப்போம்' என்று எழுதிக் கொடுத்தாகவேண்டும்.