வாசகர் கேள்வி: காவடிக்கு டிரோன் விடலாமா?

கேள்வி: எங்கள் கோயில் தைப்பூசக் காவடியை மேலிருந்து படமெடுக்க ஆசை. தம்பி மகனிடம் 249 கிராம் டிரோன் இருக்கிறது. எடை குறைவு, காசும் வாங்கப்போவதில்லை, லைசென்ஸ் எதற்கு என்கிறான். சரிதானா?
– வாசகர், டொங்காட்

பதில்: சரியில்லை. 250 கிராம் சலுகை வேறு நாடுகளுடையது. 2015 ஜூலையில் அமலுக்கு வந்த டிரோன் விதிகளில், அதாவது நம் தென்னாப்பிரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் பகுதி 101இல், அந்த எடைக் கோடே இல்லை. 7 கிலோவுக்குக் குறைந்த டிரோனைச் சொந்தப் பொழுதுபோக்குக்கு விட லைசென்ஸும் பதிவும் வேண்டாம், அவ்வளவுதான். கமிட்டி அந்தப் படத்தை வைத்து நன்கொடை திரட்டினால் அதைப் பொழுதுபோக்கு என்று வாதாடுவது கடினம்.

பொழுதுபோக்கென்றே வைத்துக்கொண்டாலும் காவடிக்கு ஆகாது. ஆட்களுக்கு 50 மீட்டருக்குள் போகக்கூடாது. கூட்டத்தின் தலைக்கு மேல் என்ற பேச்சே இல்லை. விமானநிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் கூடாது. கிங் ஷாக்கா விமானநிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரி ஹெலிபேடுக்கும் இதே தூரம்தான், பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

உயரத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். செயலி 120 மீட்டர் வரை ஏறவிடும், சட்டம் விடாது. டிரோனைச் சுற்றி 300 மீட்டருக்குள் எது மிக உயரமோ, அதற்குக் கீழேதான் பறக்க வேண்டும். கோபுரம் 15 மீட்டர், அதைவிட உயரமாகச் சுற்றிலும் எதுவும் இல்லையென்றால் 15 மீட்டரே எல்லை. விடுபவரிடமிருந்து பக்கவாட்டில் 500 மீட்டர், அதுவும் வெறுங்கண்ணுக்குத் தெரியும்வரை. மீறினால் 50,000 ரேண்ட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கேள்வி: ரிமோட் பைலட் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். இனிக் கல்யாணப் படப்பிடிப்புக்குக் காசு வாங்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: முடியாது. அது ஆளுக்கான தாள் மட்டும். 2 ஆண்டு செல்லும். டிரோனுக்குத் தனியாக ஒப்புதல் கடிதமும், இசட்.டி. என்று தொடங்கும் பதிவு எண்ணும் வேண்டும். தொழிலுக்கு இயக்குநர் சான்றிதழ், அதாவது டிரோன் தொழில் நடத்துபவருக்கான சான்றிதழ் வேண்டும், அது 12 மாதத்துக்குத்தான். அதோடு விமானச் சேவை உரிமம்.

இந்த நாலையும் தனி ஆளாகத் திரட்டுவது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. இயக்குநர் சான்றிதழ் உள்ள கம்பெனியில் பைலட்டாகச் சேர்ந்து, அவர்கள் டிரோனை விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். டொங்காட் கமிட்டியும் அப்படியொரு கம்பெனியைத்தான் தேட வேண்டும். சான்றிதழின் தேதியைப் பாருங்கள். ஆட்களுக்கு 50 மீட்டருக்குள்ளும் பொதுச்சாலைக்கு மேலும் பறக்க அதில் அனுமதி எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எழுதியில்லாவிட்டால் முன்பணம் தராதீர்கள்.