இலை வேம்பில், விலை பலாவுக்கு

கேள்வி: அக்கா கனடாவில். திருகோணமலை உப்புவெளியில் அவவின் சீதன வீட்டில் நாங்கள் இருக்கிறோம், வாடகை வாங்குவதில்லை. வளவில் ஒரு பெரிய வேம்பும் ஒரு பலாவும் நிற்கின்றன. வேப்பிலை கொட்டிக் கூரைப் பீலியெல்லாம் அடைக்கிறது. முற்றம் கூட்டிக் கூட்டி இடுப்பு விட்டுப்போச்சு. கிணற்றுக்கட்டு வெடிப்பிலும் ஒரு அரசங்கன்று. மரம் வாங்கி விற்கிற மரக்காலைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பலாவுக்கு நல்ல விலை தருவேன் என்றார். ஆடியில் அக்கா வருவதற்கு முன் இரண்டையும் தறித்துவிடலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, இலைக் குப்பைக் கடிதங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. உங்கள் கடிதத்தில் புதிதாக இருப்பது மரக்காலைக்காரர்தான். இலை கொட்டுவது வேம்பு. விலை பேசியது பலாவுக்கு. ஏன்?

பலாவும் இலை உதிர்க்கும்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் கையாலேயே பொறுக்கக்கூடிய தடித்த இலை. பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் இருந்தால் குழையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த மரம் உங்களுக்கு என்ன இடைஞ்சல் செய்தது என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. விலையை எழுதியிருக்கிறீர்கள். 'அக்கா வருவதற்கு முன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். வந்தபிறகு கேட்டால் என்ன? வேண்டாம் என்று சொல்லிவிடுவா என்ற பயம்தானே?

சட்டமும் உங்களுக்கு இடம் கொடுக்காது. மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1951இல் வந்த 9ஆம் இலக்கச் சட்டப்படி, சொந்த வளவில் நின்றாலும் பலாவையோ ஈரப்பலாவையோ பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. காணி யாருடையது என்று கேட்பார்கள். உறுதியில் உங்கள் பெயரா இருக்கிறது? லொறியில் ஏற்றிக்கொண்டு போகவும் தனி அனுமதி வேண்டும். 'அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மரக்காலைக்காரர் சொல்லலாம். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

சட்டத்தை விடுங்கள். தாய் தகப்பன் ஒரு பெண்பிள்ளைக்கு வளவு எழுதினால், அதில் நிற்கிற மரமும் சேர்த்துத்தான் எழுதினார்கள். கூடப் பிறந்தவள் வாடகை வாங்காமல் இருத்தியிருக்கிறா. அந்த இலையைக் கூட்டுவதுதான் உங்கள் வாடகை. கூட்ட முடியாதென்றால் மாதம் மாதம் காசாகக் கொடுங்கள், அப்புறம் மரத்தைப் பற்றிப் பேசலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் கை இருக்குமே. விளக்குமாறு உங்கள் கையிலேயே ஏன் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

சரி, வேம்பு. அதைத் தறிக்கத் தேவையில்லை. கூரைக்கு மேல் நீண்டிருக்கும் கொப்புகளை மட்டும், அதையும் அக்காவுக்குச் சொல்லிவிட்டு, மரம் ஏறத் தெரிந்த ஆளைப் பிடித்து மாரிக்கு முன் வெட்டுவியுங்கள். பீலிக்கு மேல் கம்பிவலை போடுங்கள். கூட்டிய இலையைக் கொளுத்த வேண்டாம். கச்சான் காற்றில் ஒரு பொறி பறந்தால் அயல்வீட்டுக் கிடுகுவேலி போய்விடும். தென்னை நின்றால் அடிமரத்தில் முட்டாமல், ஆறடி வட்டத்துக்குள் பரப்பிவிடுங்கள். இல்லையென்றால் வளவு மூலையில் ஒரு கிடங்கு வெட்டுங்கள். ஒரு சாண் உயரத்துக்கு இலை, மேலே மாட்டுச் சாணம், ஒரு வாளித் தண்ணீர், மறுபடி இலை. வெறும் சருகைக் கொட்டினால் அப்படியே கிடக்கும். சாணமும் ஈரமும் சேர்ந்தால்தான் கெதியாக உக்கும். கொட்டை விழுந்து முளைக்கிற வேப்பங்கன்றுகளை மழை பெய்த மறுநாள் பிடுங்குங்கள், வேரோடு வரும். வளர விட்டால் அலவாங்கு தேடவேண்டி வரும்.

உண்மையில் ஆபத்தானது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த அரசங்கன்றுதான். அதற்கு அக்காவைக் கேட்க வேண்டாம், இன்றைக்கே எடுங்கள். மேலால் வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வெடிப்பைக் கொஞ்சம் கொத்தி, வேரை முழுதாக எடுத்துவிட்டுச் சீமெந்து பூசுங்கள். வேர் தடித்தால் கிணற்றுக்கட்டைப் பிளந்துவிடும்.

பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுங்கள், அங்கே விடிந்திருக்கும். மரக்காலைக்காரர் சொன்ன விலையையும் மறைக்காமல் சொல்லுங்கள். தறிக்கச் சொன்னால் அவவின் கடிதத்தோடு கிராம சேவகரிடம் போய்க் கேளுங்கள். அனுமதி கிடைத்து மரம் விற்றால், காசு அவவின் கணக்குக்குப் போகட்டும். வேண்டாமென்றால் பேச்சு முடிந்தது. அந்த ஆளை இனிப் படலைக்குள் எடுக்காதீர்கள்.