எழுதி வைக்காத வேலை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 35. சொந்த இடம் வன்னியில் விசுவமடுவுக்குக் கிட்ட. 2009 ஆவணியில், யுத்தம் முடிந்த கையோடு, செட்டிகுளம் அகதி முகாமுக்குள் இருந்துதான் ஏஎல் என்ற உயர்தரச் சோதனை எழுதினேன். மூன்று பாடமும் பாஸ், ஆனால் கம்பஸ் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு நிரந்தரமாக ஒரு வேலை அமையவில்லை. இந்திய வீட்டுத்திட்டம் நடந்த காலத்தில் மேசன் வேலை பழகி மூன்று வருடம் செய்தேன். பிறகு கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் நான்கு வருடம். காசு தந்த நாடு நிறுத்தியதும் எங்கள் அணியையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேன்பவர் ஆள் ஒருவர் மூலம் ஒரு களஞ்சியத்தில் மூட்டை ஏற்றி இறக்கினேன். இரண்டு தடவை எடுத்தார்கள், இரண்டு தடவையும் ஐந்தரை மாதத்தில் நாளைக்கு வரவேண்டாம் என்றார்கள். 2020 இல் அரசாங்கம் ஒரு லட்சம் பேருக்கு வேலை என்றபோது விண்ணப்பம் கொண்டு போனேன், ஓஎல் (சாதாரணதரம்) பாஸ் பண்ணாத ஆட்களுக்குத்தான் என்று திருப்பித் தந்தார்கள். பட்டதாரிகளுக்குக் கொடுத்தபோது நான் பட்டதாரி இல்லை. இப்போது ஒன்றரை வருடமாகக் கிழமையில் ஒருநாள் இரண்டுநாள் கூலிதான். மனைவி கார்மென்ட்ஸுக்குப் போகிறா, விடிய ஐந்தரைக்கு பஸ். போன மாதம் மகள் பள்ளிக்கூடப் படிவத்தோடு வந்து 'தகப்பனின் தொழில்' என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டாள். பேசாமல் எழும்பிப் போய்விட்டேன். கலியாண வீடு, அந்தியேட்டி எதற்கும் இப்போது போவதில்லை. என்னில்தான் ஏதோ பிழை என்று படுகிறது. நிரந்தர வேலைக்கு இனி வழி இருக்கிறதா அக்கா, அல்லது வளவை ஈடு வைத்து வெளிநாடு போகட்டுமா?

(பெயர் போட வேண்டாம்)

*

அன்புத் தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், இரண்டாவது தரம் ஒரு பென்சிலோடு. வேலை இல்லை, வேலை இல்லை என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள், ஆனால் அதே கடிதத்தில் மூன்று வருடம், நான்கு வருடம், ஐந்தரை மாதம், இன்னொரு ஐந்தரை மாதம் என்று எட்டு வருடத்துக்குக் கிட்ட வேலை கிடக்கிறது. இடையில் போன கூலி நாட்களை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. இவ்வளவு வேலை செய்த ஒரு மனிதர் தன்னை வேலையில்லாதவன் என்று எழுதுகிறார் என்றால், அந்த வேலையை யாரும் எங்கேயும் சரியாக எழுதி வைக்கவில்லை என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

அந்த ஐந்தரை மாதத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் உங்கள் பிழையாக எடுத்திருக்கிறீர்கள். ஆட்களை வேலையிலிருந்து நீக்குவது பற்றி 1971 இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் ஒன்றில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்துவிட்ட ஒருவரை, ஒழுக்கப் பிழைக்காக என்றில்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 180 நாள் என்றால் ஆறு மாதம். ஐந்தரை மாதத்தில் வரவேண்டாம் என்று சொல்லி, கொஞ்ச நாள் விட்டு அதே ஆளை அதே மூட்டைக்குத் திரும்ப எடுத்தது ஏன் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் வேலை பிடிக்காமல் போயிருந்தால் இரண்டாம் தரம் கூப்பிட்டிருப்பார்களா? உங்கள் தோள் அவர்களுக்கு வேண்டும், உங்கள் பெயர் வேண்டாம். இதை மேன்பவர்காரர் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்து சாமத்தில் விழித்துக் கிடந்து, எங்கே பிழை விட்டேன், சூப்பர்வைசரை ஏதும் பேசினேனா என்று தேடுவோம்.

எனக்கு அந்தச் சாமம் தெரியும். நான் வன்னியில் ஏழு வருடம் தொண்டராசிரியராக இருந்தவள். சம்பளம் இல்லை, பெற்றார் சேர்த்துத் தரும் சிறு தொகை சில மாதம் வரும், பல மாதம் வராது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்கள் அப்போது எங்களைப் போன்ற ஆட்களால்தான் திறந்திருந்தன. இடம்பெயர்ந்து போன இடத்தில் மரத்துக்குக் கீழேயும் படிப்பித்தோம். 2009 இல் எல்லாம் போனது, வரவுப் பதிவேடும் போனது, லொக் புத்தகமும் போனது. பிறகு தொண்டராசிரியர்களுக்கு நிரந்தர நியமனம் என்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, ஏழு வருடத்துக்கும் ஆதாரம் கொண்டுவா என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டேன், எங்களிடம் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் கடிதம் தரமுடியாது என்றார்கள். நான் எழுத்துக் காட்டிக்கொடுத்த பிள்ளை ஒன்று அப்போது அதே பள்ளிக்கூடத்தில் ஏஎல் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையை ஆதாரம் என்று கூட்டிக்கொண்டு போகமுடியுமா? எனக்கு நியமனம் கிடைக்கவில்லை. நாலு வருடம் வீட்டை விட்டு வெளியே போகவே கூச்சப்பட்டேன். கோயில் திருவிழாவுக்குக்கூட சனம் கலைந்த பிறகு போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த நாலு வருடத்தை நினைத்து இன்றைக்கும் எனக்குக் கவலைதான், அதனால்தான் உங்கள் அந்தியேட்டி வரியைத் தாண்டி என்னால் உடனே போகமுடியவில்லை.

நிரந்தரம் என்ற சொல்லில் எங்கள் சனத்துக்கு இருக்கும் பிடிப்பைப் பேராசை என்று சிலர் எழுதுகிறார்கள். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்' என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், கோறணமேந்து என்றால் அரசாங்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யுத்தம் நடந்த காலத்திலும் வன்னிக்குள் அரசாங்கச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. பாதை பூட்டியிருந்தது, சாமான் இல்லை, ஆனால் ஆசிரியருக்கும் கச்சேரி (மாவட்டச் செயலக) உத்தியோகத்தருக்கும் பிந்தியாவது சம்பளம் வந்தது. மற்ற எல்லாம் இடம்பெயர்ந்தன, அது ஒன்றுதான் ஆளைத் தேடி வந்தது. அதைக் கண்ணால் பார்த்த சனம் பிள்ளைக்கு அரசாங்க வேலை வேண்டும் என்று நேர்த்தி வைப்பதில் என்ன பிழை? அதற்கு முந்தி, அரசாங்கம் நடத்தியதுதான் என்றாலும் பரந்தன் கெமிக்கல் மாதிரி இடங்களில் தொழிற்சாலை வேலையே நிரந்தரமாக இருந்தது. என் பெரியப்பா அங்கே இருந்தவர். கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை, எண்பதுகளின் நடுவில் நின்றுபோனது. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் அப்படித்தான் யுத்தத்தோடு போனது. அந்த வகை வேலைகளின் இடத்துக்கு இன்றைக்கு வந்திருப்பவை பெரும்பாலும் திட்டங்கள், திட்டம் என்றால் அதற்கு ஒரு முடிவுத் திகதி இருக்கும். இந்திய வீட்டுத்திட்டத்தில் 50,000 வீடு, அதில் 46,000 வடக்கிலும் கிழக்கிலும். கட்டி முடிந்ததும் மேசன்மார் என்ன செய்வது என்று அந்தத் திட்டத்தில் எழுதியிருக்கவில்லை. கண்ணிவெடி வேலையும் அதேதான்: கண்ணிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் நாடு சேர்ந்திருக்கிறது, 2028 க்குள் முடிக்கவேண்டும், நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்களோ அவ்வளவு சுருக்காக அந்த வேலை இல்லாமல் போகும்.

சரி, இனி என்ன செய்யலாம்.

தொழில் அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு ஒருதரம் போங்கள். ஊழியர் சேமலாப நிதி, அதுதான் ஈபிஎஃப், நிரந்தர ஆட்களுக்கு மட்டும் உரியது என்று எங்களில் கனபேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1958 இல் வந்த அந்தச் சட்டம் தற்காலிகம், நாட்கூலி, பயிலுநர் எல்லாரையும் முதல் நாளிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. உங்கள் சம்பளத்தில் எட்டு வீதம், முதலாளி பன்னிரண்டு வீதம். கண்ணிவெடி நிறுவனம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் நான்கு வருடச் சம்பளத்தின் ஐந்திலொரு பங்கும் அதன் வட்டியும் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். அது 55 வயதுக்குத்தான் கைக்கு வரும், ஆனால் முதலாளி தனியாகக் கட்டும் மூன்று வீதம், ஈரிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதியம், வேலையை விட்ட ஆள் ஐந்து வருடத்துக்கு ஒருதரம் எடுக்கலாம். நீங்கள் எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மேன்பவர்காரரைப் பொறுத்தவரை, எட்டு வீதத்தை வெட்டியும் கட்டாமல் விட்டிருக்கலாம், அப்படியானால் அதே அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக்கொடுங்கள். சம்பளத் துண்டு ஒன்றிரண்டு எங்கேயாவது பெட்டிக்குள் கிடந்தால் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் உங்களோடு மூட்டை ஏற்றிய இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

மேசன் வேலைக்குக் கடிதம் தர ஆள் இல்லை, வீட்டுக்காரர்தானே சம்பளம் தந்தார்கள். அதற்கு வேறு வழி. என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு வகுப்புக்குப் போய்ப் படிக்கத்தான் வேண்டும் என்று இல்லை, ஏற்கெனவே வேலை தெரிந்தவர் செய்து காட்டியும் எடுக்கலாம். நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விண்ணப்பித்தால் உங்கள் அனுபவத்தைக் கேட்பார்கள், கல்லு வைக்கச் சொல்வார்கள், பூசச் சொல்வார்கள், பார்த்து நிலையைத் தீர்மானிப்பார்கள். நீங்கள் கட்டிய வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன, போய் ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுங்கள், வீட்டுக்காரரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள், விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) உறுதிப்படுத்துங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் தொடங்கிய ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது, கட்டடம் சார்ந்து அடுத்த படி ஏதாவது படிக்க மனமிருந்தால் போய்க் கேளுங்கள். வயது போய்விட்டது என்று நீங்கள் நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. பல பதவிகளுக்கு 35 தான் எல்லை, ஆனால் அலுவலக ஊழியர் போன்ற ஆரம்பநிலைப் பதவிகள் சிலவற்றுக்கு 45 வரை எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரும் அரசாங்க வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள். கிடைக்கும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஒரு வெற்றிடத்துக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

வெளிநாடு போகிறவர்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. வளவை மட்டும் ஈடு வைக்காதீர்கள். சான்றிதழோடு மேசனாகப் போவதும் கையில் ஒன்றும் இல்லாமல் கூலியாகப் போவதும் ஒன்றில்லை, அதனால் என்விகியூ முதல், ஏஜென்ட் பிறகு. அந்த ஏஜென்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று பார்த்துவிட்டு.

மகளிடம் மேசன் என்று எழுதச் சொல்லுங்கள். அது பொய் இல்லை. கண்ணிவெடி எடுத்த கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள், இதுவரை சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் முழந்தாளில் இருந்து கிளறிய மண்ணில் இப்போது யாரோ கச்சான் போட்டிருப்பார்கள், யாரோ ஒரு பிள்ளை அந்த வழியால் பள்ளிக்கூடம் போகும். மனைவி ஐந்தரைக்கு பஸ் ஏறினால் அதற்கு முந்தி எத்தனை மணிக்கு எழும்பவேண்டும் என்றும் பாருங்கள். சமையலையும் பிள்ளையை வெளிக்கிடுத்துவதையும் நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால் நல்லது, பார்க்கவில்லை என்றால் நாளைக்கே தொடங்குங்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். 2009 இலிருந்து எங்கே, எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, யாரிடம், என்ன சம்பளம் என்று ஞாபகம் உள்ளதெல்லாம் எழுதுங்கள், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு மறந்த திகதியெல்லாம் பெண்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வருடம்தான் பிள்ளைக்குக் காது குத்தினது, அந்த மாதம்தான் வெள்ளம் வந்தது என்று. எழுதி முடிந்ததும் எனக்கு இன்னொரு மடல் போடுங்கள். தொழில் அலுவலகத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் எழுதவேண்டிய கடிதங்களை நான் எழுதித் தருகிறேன். கிளிநொச்சிப் பக்கம் வந்தால் கொப்பியோடு வீட்டுக்கு வாருங்கள், சனி ஞாயிறு பின்னேரத்தில் ரியூசன் இல்லை, இருந்து பேசலாம்.

அன்புடன்,
அக்கா